பாண்டி தூங்கவில்லை

மெல்பர்னின் மேற்குப் புறநகர் ஒன்றிலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். நான்கு பக்கக் கடிதம். யார் என்று தெரியாத அளவுக்குச் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய மகனுக்குப் பத்து வயது. இரண்டு வருடம் நச்சரித்து, கடைசியில் போன ஜனவரியில் பிறந்தநாளுக்கு பியர்டட் டிராகன் என்ற ஆஸ்திரேலிய ஓணான் வகையில் ஒரு குட்டியை வாங்க வைத்துவிட்டான். இணையத்தில் விளம்பரம் பார்த்து, ஒருவர் வீட்டுக்குப் போய், ரொக்கம் கொடுத்து வாங்கியது. இரண்டடிக் கண்ணாடித் தொட்டி, சுருள் வடிவ யுவி (புற ஊதாக் கதிர்) பல்பு, ராத்திரிக்கு ஒரு சிவப்பு பல்பு, மின்சாரத்தில் சூடாகும் கல், ஒரு மூட்டை மணல் எல்லாம் அந்த விலையிலேயே வந்துவிட்டன. குட்டிக்கு இப்போது எட்டு மாதம். பையன் வைத்த பெயரை மாற்றி, பாண்டி என்று வைத்துக்கொள்கிறேன்.

பாண்டி பன்னிரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. கண்ணை மூடியே கிடக்கிறான். நடந்தால் வயிறு தரையில் இழுபடுகிறது. பின்கால் விரல்கள் ‘தந்தி அடிப்பது போல’ துடிக்கின்றன. கீழ்த்தாடை ஒரு பக்கம் உப்பியிருக்கிறது. இது ஜூலை மாதம், இங்கே குளிர்காலம், இது குளிர்கால உறக்கம்தான், எழுப்பாதீர்கள் என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். மாமியார், “வேலியில போன ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்ட கதைதான்” என்கிறார். பையன் ராத்திரி அழுகிறான். இவர் கேட்பவை: இது உறக்கமா, நோயா? என்னுடைய கால்சியம் மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கலாமா? துணைக்கு இன்னொன்று வாங்கினால் தேறுவானா? உரிமம் எதுவும் எடுக்கவில்லை, டாக்டரிடம் போனால் மாட்டிக்கொள்வோமா? எதுவும் முடியாவிட்டால் காட்டில் விட்டுவிடலாமா?

சகோதரி, முதல் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இது உறக்கமில்லை. ஊர்வனவற்றைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவர் ஒருவரிடம் நாளைக் காலையே நேரம் வாங்குங்கள். போனில் ‘கால் நடுக்கம், தாடை வீக்கம், பன்னிரண்டு நாளாகச் சாப்பாடு இல்லை’ என்ற மூன்றையும் சொன்னால் அவசரம் புரியும். மிச்சத்தை நேரம் வாங்கிய பிறகு படிக்கலாம்.

உறக்கம் என்று ஏன் சொல்ல மாட்டேன்

குளிர்கால உறக்கம் என்பது உண்மைதான். புரூமேஷன் என்பார்கள். ஆனால் அது வளர்ந்த, நன்றாகத் தின்று கொழுத்த ஓணான்களுக்கு உரியது. ஒரு வயதுகூட ஆகாத குட்டி சாப்பாட்டை நிறுத்தினால் உறக்கம் என்ற சமாதானத்தைக் கால்நடை மருத்துவர்களாகிய நாங்கள் ஏற்பதில்லை. உறங்கும் ஓணான் வாரக்கணக்கில் மூலையில் கிடந்தாலும் எடை அதிகம் இறங்காது. பத்து சதவீதம் இறங்கிவிட்டால் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டியதுதான். தட்டி எழுப்பினால் ஒரு முறை முறைக்கும், நாலு காலையும் ஊன்றி நிற்கும், திரும்பப் போய்ப் படுத்துக்கொள்ளும். அதன் விரல் துடிக்காது, தாடை உப்பாது.

நேரில் பார்க்காமல் நோய்க்குப் பெயர் வைப்பதில் ஆபத்து உண்டு. தாடையில் சீழ்க்கட்டி இருக்கலாம், குடலில் புழு இருக்கலாம். ஆனாலும் நீங்கள் எழுதிய அறிகுறிகளையும் தொட்டியின் விவரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது மெட்டபாலிக் போன் டிசீஸ், அதாவது எலும்பிலிருந்து கால்சியம் கரைந்துபோகும் நோய்.

நடப்பது இதுதான். வெயிலில் இருக்கும் யுவிபி என்ற புற ஊதாக் கதிர் தோலில் பட்டால்தான் இந்த ஓணானின் உடம்பில் வைட்டமின் டி3 போதிய அளவு உண்டாகும். டி3 இல்லாவிட்டால் தின்ற கால்சியம் குடலில் ஏறாமல் வெளியே போய்விடும். ஆனால் இதயம் துடிக்கவும் தசை இயங்கவும் ரத்தத்தில் கால்சியம் இருந்தே ஆக வேண்டும். பாராதைராய்டு சுரப்பி அதை எலும்பிலிருந்து உருவி எடுத்து ரத்தத்துக்குக் கொடுக்கிறது. அரிசி வாங்கக் காசில்லாத வீட்டில் கதவு நிலையைக் கழற்றி விற்பது மாதிரி. எலும்பு போன இடத்தில் நார் போன்ற திசு நிரம்புவதால் தாடை பெரிதாகத் தெரியும், தொட்டால் ரப்பர் போல இருக்கும். (நீங்கள் அழுத்திப் பார்க்காதீர்கள், முறிந்துவிடும்.) விற்கக் கதவும் தீர்ந்துபோகும் கட்டத்தில்தான் விரல் துடிக்க ஆரம்பிக்கும்.

மருத்துவர் எக்ஸ்ரே எடுப்பார், ரத்தத்தில் கால்சியம் பார்ப்பார், உடம்பில் நீர்ச்சத்து ஏற்றுவார், ஊசியாகவோ சொட்டு மருந்தாகவோ கால்சியம் தருவார். இந்த நிலையில் வந்து பிழைத்தவை நிறைய உண்டு. ஆனால் வாரக்கணக்கில் அல்ல, மாதக்கணக்கில் ஆகும். எலும்பு மறுபடி இறுகும். வளைந்துபோன தாடை வளைந்தேதான் இருக்கும், பெரும்பாலும் அதை வைத்துக்கொண்டே சாப்பிடப் பழகிவிடும். முதுகெலும்பு நொறுங்கி, பின்கால் செத்து, கழிவும் போக முடியாத நிலை என்று எக்ஸ்ரே காட்டினால் மருத்துவர் கருணைக்கொலை பற்றிப் பேசுவார். அந்தப் பேச்சை எடுக்கிறாரே என்று அவரிடம் கோபப்படாதீர்கள். செலவைப் பற்றியும் கூச்சப்படாமல் முதலிலேயே கேளுங்கள். ‘எங்களால் இவ்வளவுதான் முடியும்’ என்று சொன்னால், அதற்குள் எந்தப் பரிசோதனை முக்கியம் என்று அவரே வரிசைப்படுத்துவார்.

மருத்துவரைப் பார்க்கும் வரை

சூடேற்றும் கல்லை இன்றைக்கே பிடுங்கிவிடுங்கள். மணலை அள்ளிவிட்டுச் செய்தித்தாள் விரியுங்கள். ஏறுவதற்கு வைத்திருக்கும் கிளைகளை எடுத்துவிடுங்கள், ஒரு அடி உயரத்திலிருந்து விழுந்தாலும் இப்போது எலும்பு முறியும். தூக்கும்போது மார்புக்கும் இடுப்புக்கும் அடியில் முழு உள்ளங்கை இருக்கட்டும். மூக்கு நுனியில் வெதுவெதுப்பான தண்ணீரை ஒவ்வொரு சொட்டாக விட்டால், நக்கினால் நக்கட்டும். வாயைத் திறந்து எதையும் ஊட்டாதீர்கள். தாடை உடையும் என்பது ஒரு காரணம். சூடில்லாத உடம்பில் போன சாப்பாடு செரிக்காமல் வயிற்றிலேயே அழுகும் என்பது இன்னொன்று.

மாத்திரை வேண்டவே வேண்டாம். நீங்கள் சாப்பிடும் கால்சியம் மாத்திரையில் பெரும்பாலும் டி3 சேர்ந்திருக்கும், அதுவும் ஒரு மனித உடம்புக்கான அளவில். கால் கிலோ எடைகூட இல்லாத பிராணிக்கு அதில் ஒரு சிட்டிகை கூடினாலும் சிறுநீரகத்திலும் ரத்தக் குழாயிலும் சுண்ணாம்பு படியும்.

போகும்போது ஒரு அட்டைப் பெட்டியில் துண்டு விரித்து, பக்கத்தில் துணி சுற்றிய வெந்நீர்ப் பையை வைத்துக் கொண்டுபோங்கள். தொட்டியின் படம், பல்பின் பெட்டி இருந்தால் அது, கடைசியாகப் போன மலம் ஒரு டப்பாவில். இந்த மூன்றும் கையில் இருந்தால் மருத்துவருக்குப் பாதி வேலை மிச்சம்.

வெயில் எங்கே கிடைக்கும்

நம் விக்டோரியா மாநிலத்தின் வடமேற்கு மூலையில் இருக்கும் மில்டுரா பக்கம் காரில் போயிருக்கிறீர்களா? போனால் சாலையோரம் கம்பிவேலிக் கட்டைகளைப் பார்த்துக்கொண்டே போங்கள். காலை பத்து மணி வாக்கில் ஏதோ ஒரு கட்டையின் உச்சியில் ஒன்று உட்கார்ந்திருக்கும். உடம்பைத் தட்டையாக்கி, தோலைக் கறுப்பாக்கி, முதுகு முழுக்க வெயிலுக்குக் காட்டிக்கொண்டிருக்கும். சூடு போதுமானதும் நிறம் வெளுக்கும். அதற்கும் மேலே சூடானால் வாயைப் பிளந்து கொஞ்ச நேரம் இருந்துவிட்டு நிழலுக்கு இறங்கிவிடும். வேலிக்கு ஓணான் சாட்சி என்று நம்மூரில் சும்மா சொல்லவில்லை. நம் ஓணானும் இதுவும் அகாமிடே என்ற ஒரே குடும்பம். உங்கள் மாமியார் பாண்டியை ஓணான் என்று சொன்னது விலங்கியல்படி சரிதான், அதை அவரிடம் சொல்லுங்கள்.

அந்தக் கட்டையைத்தான் நீங்கள் வீட்டுக்குள் கட்ட வேண்டும். இவற்றுக்குச் சூடு மேலே இருந்து, வெளிச்சத்தோடு சேர்ந்து வரும். உச்சந்தலையில் வெளிச்சத்தை உணரும் மூன்றாம் கண் ஒன்றுகூட இருக்கிறது. கீழே இருந்து வரும் சூட்டை அளந்து விலகத் தெரியாது. சூடேற்றும் கல்லில் வயிறு வெந்து, அப்படியும் அதன் மேலேயே படுத்திருந்த ஓணான்களுக்கு நான் கட்டுப் போட்டிருக்கிறேன்.

‘தொட்டி ஜன்னலோரம்தான் இருக்கிறது, தினமும் வெயில் படுகிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லாரும் செய்யும் தவறு இது. ஜன்னல் கண்ணாடி வெளிச்சத்தை விடும், சூட்டை விடும், யுவிபியை அநேகமாக முழுக்கத் தடுத்துவிடும். சரி, வெளியே தூக்கிப்போய் வைக்கலாமா என்றால், மெல்பர்ன் ஜூலையில் நடுப்பகல் யுவி குறியீடே 1, 2-ஐத் தாண்டாது. குளிர் வேறு. கோடையில் கம்பிக் கூண்டில் பாதி நிழல் கிடைக்கும்படி இருபது நிமிடம் வைத்தால் அதைவிட நல்ல மருந்து கிடையாது. ஆனால் கண்ணாடித் தொட்டியோடு வெயிலில் வைத்துவிடாதீர்கள், வெந்துவிடும்.

ஆகவே குழாய் விளக்கு. டி5 (T5) வகை நீளக் குழாய், 10 அல்லது 12 சதவீத யுவிபி என்று போட்டது, கூண்டின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு இருக்க வேண்டும். வெயில் காயும் மேடைக்கு மேலே 30 முதல் 40 செ.மீ. உயரத்தில், சூட்டு விளக்கு இருக்கும் அதே பக்கத்தில் மாட்டுங்கள். நடுவில் கம்பிவலை இருந்தால் கதிரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல்கூட அங்கேயே நின்றுவிடும். உங்களிடம் இருக்கும் சுருள் பல்பு அரை அடிக்கு அப்பால் பிரயோஜனம் குறைவு. அதுவும் பழைய பல்பு, எத்தனை வருடம் எரிந்ததோ. யுவி பல்பு ஃபியூஸ் போகும் வரை வெளிச்சம் தரும், யுவிபி அதற்கு ரொம்ப முன்னாலேயே தீர்ந்துபோகும். கண்ணுக்குத் தெரியாது. புதுக் குழாயின் மூடியில் தேதியை எழுதிவைத்து, வருடம் ஒரு முறை மாற்றுங்கள்.

சூட்டுக்குக் கடையில் விற்கும் சாதாரண ஹாலஜன் ஃப்ளட் பல்பே போதும். பல்லிப் படம் போட்ட பெட்டிக்கு அதிகம் கொடுக்க வேண்டாம், அந்தக் காசைக் குழாயிலும், சூட்டைக் கட்டுக்குள் வைக்கும் தெர்மோஸ்டாட்டிலும் போடுங்கள். மேடையின் மேற்பரப்பு 40 டிகிரி, குட்டிக்கு இரண்டு டிகிரி கூடினாலும் பரவாயில்லை. எதிர்முனை 22 முதல் 26. சூடான பக்கம், குளிர்ந்த பக்கம் இரண்டும் இருந்தால்தான் அது தானே போய்த் தன் சூட்டைச் சரிசெய்துகொள்ளும். இரண்டடித் தொட்டியில் இந்த வித்தியாசம் வரவே வராது. நான்கடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் என்பதுதான் வளர்ந்த ஒன்றுக்குக் குறைந்தபட்ச வீடு. பக்கத்தில் ஒட்டும் வட்டத் தெர்மாமீட்டரை நம்பாதீர்கள், முனையில் ஒயர் உள்ள டிஜிட்டல் ஒன்றை வாங்குங்கள்.

சிவப்பு பல்பைக் குப்பையில் போடுங்கள். அதற்குச் சிவப்பு நன்றாகவே தெரியும், ராத்திரி முழுக்கத் தூங்க முடியாது. ராத்திரி 18 டிகிரி வரை இறங்கலாம். வீடு அதற்கும் கீழே போனால் வெளிச்சமில்லாத பீங்கான் ஹீட்டர் இருக்கிறது.

மணலைப் பற்றி ஒரு வார்த்தை. ‘பாலைவனப் பிராணிதானே’ என்றுதான் எல்லாரும் மணல் கொட்டுகிறோம். அது வாழும் இடத்தில் தரை பெரும்பாலும் இறுகிக் கிடக்கும் மண். போதிய சூடும் பலமும் இல்லாத குட்டி பொடிமணலை விழுங்கினால் குடலில் அடைத்துக்கொள்ளும். தேறி வளர்ந்த பிறகு மண்ணும் மணலும் கலந்து இறுக்கிப் போடலாம். அதுவரை காகிதமோ சொரசொரப்பான ஓடோ போதும்.

கீரை நல்லதுதானே?

இதைப் படித்தபோதுதான் எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது. நம் வீடுகளில் கீரை என்றால் மறு பேச்சில்லை. இந்தியக் கடையில் பாலக்கும் முளைக்கீரையும் வாங்கி, நறுக்கி, குழந்தைக்குக் கொடுப்பதுபோலப் பார்த்துப் பார்த்துக் கொடுத்திருக்கிறீர்கள். ஆனால் பாலக், சில்வர்பீட், முளைக்கீரை, தண்டுக்கீரை எல்லாவற்றிலும் ஆக்ஸலேட் அதிகம். அது கால்சியத்தைப் பிடித்துக் கட்டி வெளியே கொண்டுபோய்விடும். ஏற்கெனவே கதவு விற்கும் வீட்டில் இது வட்டிக்காரன் மாதிரி. எப்போதாவது ஒரு இலை விழுந்தால் ஒன்றும் ஆகாது, தினச் சாப்பாடாக வேண்டாம். ஐஸ்பெர்க் லெட்யூஸ் வெறும் தண்ணீர்.

எண்டைவ், டேன்டலியன் இலையும் பூவும், பாக் சோய் அளவாக, துருவிய பூசணி, பீன்ஸ் என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். தோட்டத்தில் மருந்தடிக்காத செம்பருத்தி இருந்தால் பூவையும் இலையையும் ஆசையாகத் தின்னும். முருங்கையிலை கொஞ்சம் போடலாம். பழம் எப்போதாவது ஒரு துண்டு. அவகாடோவை மட்டும் கிட்டே கொண்டுவராதீர்கள், அது விஷம். வெங்காயம், பூண்டும் வேண்டாம்.

இன்னொரு விஷயம். எட்டு மாதக் குட்டிக்கு இலைதழை தொட்டுக்கொள்ளத்தான், சாப்பாடு பூச்சிதான். வளர்ந்த பிறகுதான் கணக்குத் தலைகீழாகி, பச்சை முக்கால் பங்குக்கு மேலும் பூச்சி வாரத்தில் இரண்டு மூன்று நாளும் ஆகும். ‘மீல்வார்ம் என்ற புழுவை மட்டும்தான் தின்பான்’ என்கிறீர்கள். முறுக்கு மட்டும் தின்னும் பிள்ளையும் அப்படித்தான். கிரிக்கெட் என்ற சிள்வண்டு வகைப் பூச்சி, வுடி என்று இங்கே விற்கும் கரப்பான், பட்டுப்புழு ஆகியவற்றைப் பழக்குங்கள். பூச்சி அதன் இரு கண்ணுக்கும் நடுவில் உள்ள அகலத்தைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. எந்தப் பூச்சியானாலும் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் குறைவு. அதனால் போடுவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே பூச்சிக்கு நல்ல தீனி கொடுத்து, போடும்போது டி3 கலக்காத கால்சியம் பொடியில் ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்குங்கள், திருநீறு பூசியதுபோல வெள்ளையாக ஒட்டும். டி3 கலந்த வைட்டமின் பொடி எவ்வளவு, எப்போது என்பதை உங்கள் மருத்துவர் சொல்லட்டும். பொடியில் இருக்கும் டி3 விளக்குக்கு ஈடாகாது. தோட்டத்தில் பிடித்த பூச்சி வேண்டாம், பக்கத்து வீட்டுக்காரர் என்ன மருந்தடித்தாரோ.

துணைக்கு இன்னொன்று வாங்கும் யோசனையை விட்டுவிடுங்கள். இவை தனியாளாக வாழ்பவை. ஒரே கூண்டில் விட்டால் பலமுள்ளது மேடையையும் விளக்கையும் எடுத்துக்கொள்ளும், மற்றது மெலியும். ஒன்றின் மேல் ஒன்று படுத்திருப்பதைப் பாசம் என்று படம் பிடித்துப் போடுகிறார்கள், அடியில் இருப்பதற்கு வெயில் போயிருக்கும். பாண்டி முன்கையைத் தூக்கி மெதுவாகச் சுழற்றுவதை மகன் ‘ஹாய் சொல்கிறான்’ என்கிறானாம். ‘நான் சின்னவன், என்னை விட்டுவிடு’ என்று பணிந்துபோகும் சைகை அது. மருத்துவரிடம் ஆணா பெண்ணா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பாண்டியம்மாவாக இருந்தால் ஒரு வயதுக்கு மேல் ஆண் துணை இல்லாமலே முட்டை கட்டும், அதற்கும் கால்சியம் எலும்பிலிருந்துதான் போகும்.

உரிமம்

நான் வக்கீல் இல்லை, தெரிந்ததைச் சொல்கிறேன். விக்டோரியாவில் பியர்டட் டிராகன் வளர்க்கத் தனியாருக்கான அடிப்படை வனவிலங்கு உரிமம் வேண்டும், விற்பவரிடமும் உரிமம் இருக்க வேண்டும். அந்த மனிதர் உங்களிடம் எதுவும் கேட்காமல் ரொக்கத்தை வாங்கிக்கொண்டார் என்பது உங்கள் பொறுப்பைக் குறைக்காது. அபராதம் வரலாம், பிராணியை எடுத்துக்கொள்ளவும் கூடும். இதை மறைத்து உங்களுக்குத் தைரியம் சொல்வது சரியில்லை. ஆனால் அந்தப் பயத்தில் மருத்துவரிடம் போகாமல் இருந்ததில்தான் இந்தப் பன்னிரண்டு நாள் போயிருக்கிறது. என் அறைக்கு உரிமமில்லாமல் வந்தவை உண்டு, வாசலில் நிறுத்தியதில்லை, வைத்தியம்தான் பார்த்தேன். முதலில் சிகிச்சை. அந்த வாரமே, வனவிலங்கு உரிமங்களைக் கவனிக்கும் கன்சர்வேஷன் ரெகுலேட்டர் அலுவலகத்தைக் கூப்பிட்டு, எப்படி வாங்கினோம் என்று உள்ளதை உள்ளபடி சொல்லி, என்ன செய்ய வேண்டும் என்று நீங்களே கேளுங்கள். விளம்பரத்தின் படமும் குறுஞ்செய்திகளும் இருந்தால் அழிக்காதீர்கள்.

காட்டில் விடுவது மட்டும் கூடாது. சட்டப்படி குற்றம். கூண்டில் பிறந்த, எலும்பு வலுவில்லாத குட்டி ஒரு வாரம் தாங்காது. அதன் உடம்பில் இருக்கும் ஒட்டுண்ணியும் கிருமியும் அங்கே இருப்பவற்றுக்குப் போகும். வைத்துக்கொள்ள முடியாது என்று முடிவெடுத்தால், உரிமம் உள்ள ஊர்வனக் காப்பாளர்களிடம் சேர்க்க உங்கள் மருத்துவரே வழி சொல்வார்.

கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது: வாரம் ஒரு முறை பாண்டியை சமையலறைத் தொட்டியில் குளிப்பாட்டுகிறீர்கள், இரண்டு வயது மகள் முத்தம் கொடுக்கிறாள். ஆரோக்கியமாகத் தெரியும் ஓணானின் கழிவிலும் தோலிலும் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். ஐந்து வயதுக்குக் கீழான குழந்தைக்கும் உங்கள் மாமியார் வயதுக்காரர்களுக்கும் அது ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அளவுக்குப் போகலாம். பாண்டிக்கென்று தனியாக ஒரு பிளாஸ்டிக் டப், தண்ணீரைக் கழிப்பறையில் கொட்டுவது, தொட்ட ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கை கழுவுவது. சின்னவள் தள்ளி நின்று பார்க்கட்டும்.

‘நான் தொட்டியைச் சரியாகக் கழுவாததால்தான் இப்படி ஆச்சா’ என்று மகன் கேட்பதாக எழுதியிருக்கிறீர்கள். இல்லை என்று சொல்லுங்கள். பல்பு பழசு, யாருக்கும் கண்ணால் பார்த்துத் தெரியாது என்று காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள், பத்து வயதுக்குப் புரியும். அப்புறம் அவனிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, ஞாயிறு தோறும் சாப்பாடு போடுவதற்கு முன் பாண்டியின் எடையைக் கிராமில் எழுதச் சொல்லுங்கள். எத்தனை பூச்சி தின்றது, மலம் போனதா, மேடை எத்தனை டிகிரி என்பதும் அதே வரியில். அடுத்த முறை மருத்துவர் முதலில் கேட்கப்போவது அந்த நோட்டைத்தான். தராசு மட்டும் சமையலறையில் இருப்பது வேண்டாம், அவனுக்கென்று தனியாக ஒன்று வாங்கிக் கொடுங்கள்.